அமராந்தாவின் சம்மதம்

1163 செப்டம்பர் 21, புனித மத்தேயு திருநாள்
ஒத்ராந்தோவுக்குத் தெற்கே, குன்றின் மேல்

அன்புள்ள இமிலியாவுக்கு லாந்தோ எழுதிக்கொண்டது. கடவுள் கிருபையில் நான் சுகம். நீயும் கோழிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் ஊர் லூக்காவிலிருந்து இங்கே வந்து சேர இருபத்தாறு நாள் பிடித்தது. அதில் நாலு நாள் கடலில் வாந்தி. நீ அதைப் பெரிதாக நினைக்காதே.

அவளைக் கண்டுபிடித்துவிட்டேன்! உன் அப்பா விட்டுப்போன கிரேக்கப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒரு கிழிசல் தாள் இருந்ததே, "அமராந்தா, கடல் தெரியும் குன்று, மூன்று ஒலிவ மரம்" என்று, அது அத்தனையும் உண்மை. மரம் மட்டும் இரண்டாகிவிட்டது. கோயில் கூரையில்லாமல் கிடக்கிறது. ஆனால் கல்லறை முழுசாக இருக்கிறது. எண்ணூறு வருஷத்துக்கு முன் வேதத்துக்காக உயிரை விட்டவள் உள்ளேதான் இருக்கிறாள். கல்மூடியில் அவள் முகத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். மூக்கு தேய்ந்துவிட்டது. ஆனால் என்ன கண் அது! அவள் பார்க்கிற பார்வையில் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு விளக்குச் சபையின் பெரியவர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஊரிலே இத்தனை பேர் இருக்க, இவளைத் தேடிக் கொண்டுவர, கிரேக்கம் படித்தவன் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அது வீண்போகவில்லை. அவள் திருப்பண்டம், அந்தப் புனித எலும்பு, நம் ஊருக்கு வந்துவிட்டால் நம்மோடு போட்டி போடும் பீசாக்காரர்கள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? சபையைப் பற்றி உன்னிடம் சொன்னதை யாரிடமும் மூச்சு விடாதே. இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்தால் கல்லெறிந்தே என்னைக் கொன்றுவிடுவார்கள்.

உன் சித்தப்பா மகன் பூச்சோ எண்ணெய்ச் சுமையோடு திரும்புகிறான். கடிதம் அவன் கையில்.

உன் கணவன்,
லாந்தோ

1163 நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் நாள்
லூக்கா

அன்புள்ள கணவருக்கு இமிலியா எழுதிக்கொண்டது. நானும் கோழிகளும் சுகம். ஒன்றை நரி கொண்டுபோய்விட்டது. எது என்று கேட்காதீர்கள், உங்களுக்கு ஒன்றையும் அடையாளம் தெரியாது.

கடிதம் முழுக்க அவள்தான் இருக்கிறாள். நான் ஒரு வரியில் இருக்கிறேன், அதுவும் கோழிகளோடு. கல்லானாலும் கணவன் என்பார்கள். கணவனுக்குக் கல்லே பெண்ணாகத் தெரிந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

சபை ரகசியம் என்கிறீர்கள். மீன் சந்தையில் மீன்காரி சேச்சா விலாங்கைத் தோலுரித்துக்கொண்டே, பத்துப் பேர் நடுவில் கேட்கிறாள்: "என்னடி இமிலியா, உங்க வீட்டுக்காரரு எலும்பு தேடிப் போயிருக்காராமே? உன் உடம்புல இல்லாத எலும்பா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

என் கண் என்ன நிறம் என்று சொல்லுங்கள் பார்ப்போம். அடுத்த கடிதத்தில் பதில் வர வேண்டும். எப்போது வீட்டுக்கு வருகிறீர்கள் என்பதும்.

இமிலியா

1163 டிசம்பர் 13, புனித லூசியா திருநாள்
குன்றின் மேல்

அன்புள்ள இமிலியா, நான் சுகம். இங்கே குளிர் இல்லை, காற்றுத்தான். நீ நலமாயிருக்க அவளிடம் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

வேலை நடக்கவில்லை. கல்மூடி அசைய மாட்டேன் என்கிறது. இரும்புக் கடப்பாரை இரண்டு வளைந்துவிட்டது. இங்கே கோஸ்மாஸ் என்று ஒரு ஆட்டுக்காரர். அவர் ஒருவருக்குத்தான் என் காரியம் தெரியும். அவர் ஓரமாக உட்கார்ந்து பாலாடைக்கட்டி தின்றபடி சொல்கிறார்: "நீ இழுத்தா வராதுப்பா. அவ வரணும்னு நெனச்சா ஒரு சின்னப்புள்ள தள்ளுனாலும் தெறக்கும். கேட்டியா அவகிட்ட? கேக்காம எவ வருவா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை படித்தும் அது எனக்குத் தோன்றவில்லை. ஒரு புனிதையை அவள் சம்மதமில்லாமல் யாராலும் கொண்டுபோக முடியாது. விருப்பமில்லையென்றால் மாடு பூட்டி இழுத்தாலும் கனத்து நிற்பாள். அதனால் கடப்பாரையைத் தூக்கி எறிந்துவிட்டேன். நாற்பது நாள் விரதம் எடுக்கப்போகிறேன். தினமும் விடிந்ததும் முழங்காலில் நின்று, "பெண்ணே, லூக்காவுக்கு வர உனக்குச் சம்மதமா?" என்று கேட்பேன். நம் ஊரைப் பற்றி அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்வேன், மதில், தறிச் சத்தம், கஷ்கொட்டை மாவு ரொட்டி எல்லாவற்றையும். அவசரப்படுத்த மாட்டேன். ஒரு பெண்ணின் மனம் திறப்பது சின்ன விஷயமில்லை.

லாந்தோ

1164 பிப்ரவரி 2, மெழுகுவர்த்தித் திருநாள்
லூக்கா

அன்புள்ள கணவருக்கு, எனக்கு உடம்பு சுகமில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாம் நாள் காய்ச்சல் வந்து பதினாறு நாள் படுக்கையில் கிடந்தேன். பூச்சோவின் மனைவிதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இப்போது எழுந்து நடக்கிறேன், சுவரைப் பிடித்துக்கொண்டு.

ஒரு பெண்ணின் மனம் திறப்பது சின்ன விஷயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் காய்ச்சல் திரும்பி வந்தது போல இருந்தது.

நமக்குக் கல்யாணம் ஆனபோது எனக்குப் பதினாறு வயசு. நீங்கள் அப்பாவிடம் பத்திரம் நகலெடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் சாயங்காலம் அப்பா அடுப்படிக்கு வந்து, "லாந்தோ நல்ல பையன், கையெழுத்து முத்து முத்தா இருக்கு, முடிச்சுட்டேன்" என்று சொன்னார். அவ்வளவுதான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கட்டிக்கொடுத்தார். நீங்கள் அடுத்த அறையில்தான் இருந்தீர்கள். நாலு எட்டு நடந்து வந்து, "இமிலியா, உனக்குச் சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாற்பது நாள் வேண்டாம். முழங்காலும் வேண்டாம்.

கேட்டிருந்தால் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஊரைப் பற்றியெல்லாம் அவளிடம் சொல்கிறீர்களே, "எனக்கு ஒரு மனைவி இருக்கிறாள்" என்று சொன்னீர்களா? எப்போது வருகிறீர்கள்?

இமிலியா

1164 மார்ச் 15, தவக்காலம்
குன்றின் மேல்

அன்புள்ள இமிலியா, நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது.

விரதம் இருபதாம் நாள் ஆகிறது. நடுவில் ஒரு தரம் எனக்கு வயிறு கெட்டு, முதலிலிருந்து எண்ண வேண்டியதாகிவிட்டது. ஆனால் அவள் இளகி வருகிறாள், எனக்குத் தெரிகிறது. நேற்றுக் கல்லில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. கோஸ்மாஸ் வெயில் என்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

ஒரு உதவி வேண்டும். அவளைச் சுற்றிக் கொண்டுவரப் பட்டு வேண்டும். கடைப் பட்டு ஆகாது. ஒரு பெண் நல்ல நாளில் ஒரே ஒரு தரம் உடுத்தி எடுத்துவைத்த பட்டாக இருக்க வேண்டும் என்பது சபையின் விதி. யோசித்துப் பார்த்தேன். உன் கல்யாணப் பட்டு, அந்தச் சிவப்பு, பெட்டியில் சும்மாதானே கிடக்கிறது? பூச்சோவிடம் கொடுத்தனுப்பு. நிறம் அவளுக்கு எடுப்பாக இருக்கும்.

லாந்தோ

1164 ஏப்ரல் 20, உயிர்ப்புத் திருநாளுக்குப் பிந்திய வாரம்
லூக்கா

அன்புள்ள கணவருக்கு, பட்டு வருகிறது. உடம்பைப் பற்றி நீங்கள் கேட்காததால் நான் எழுதவில்லை.

கத்தரியால் வெட்டிப் போடலாம் என்றுதான் முதலில் எடுத்தேன். மனசு வரவில்லை. பிறகு அதை உடுத்திக்கொண்டேன். பத்து வருஷத்துக்குப் பிறகும் இடுப்பு சரியாக இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். உடுத்திக்கொண்டு அன்றைக்கு முழுவதும் வேலை செய்தேன். கோழிக்கூட்டைக் கழுவினேன். ஒரு கூடை வெங்காயம் உரித்து எண்ணெயில் வதக்கினேன். பூச்சோ மூட்டையை முகர்ந்துவிட்டு, "அக்கா, இது புனிதைக்கா, இல்ல சமையல்காரிக்கா?" என்றான். கொடுத்ததைக் கொண்டுபோடா என்றேன்.

உங்கள் விதிப்படி ஒரு தரம் உடுத்தியதாக இருக்க வேண்டும். இப்போது இரண்டு தரம் ஆகிவிட்டது. யாருடைய பட்டில் படுத்திருக்கிறோம் என்று அவளுக்கும் தெரியட்டும்.

இமிலியா

1164 மே 24
ஒத்ராந்தோ துறைமுகம்

இமிலியா, அவள் சம்மதித்துவிட்டாள்!

விரதம் இன்னொரு தரம் முறிந்து மறுபடி எண்ண வேண்டியதாயிற்று. அந்த நாற்பதாம் நாள் காலை நானும் கோஸ்மாஸும் வெறும் கையால் தள்ளினோம். கல் வழுக்கிக்கொண்டு போனது. கோஸ்மாஸ் அழுதுவிட்டார். "கூரையில்லாத வீட்ல எவ்வளவு நாளு கெடப்பா, போயிட்டு வரட்டும்" என்று சொல்லி அவரே மூட்டை கட்டினார். உள்ளே திறந்ததும் வந்த வாசனையை எப்படி எழுத? பட்டில் ஏதோ ஒரு நெடி இருந்தது, அதை மட்டும் இரண்டு நாள் வெயிலில் காயப்போட வேண்டியிருந்தது.

நாளைக் காலை கப்பல். அவளை ஒரு நொடியும் கையைவிட்டு இறக்கவில்லை. நீ நலமாயிரு.

லாந்தோ

1164 ஜூலை 4
லூக்கா, நம் வீடு

கணவருக்கு, நீங்கள் சுகமாக ஊர் வந்து சேர்ந்ததைக் கேட்டுச் சந்தோஷம். கேட்டது யாரிடம் என்றால் சேச்சாவிடம்.

"ஏண்டி, உங்க வீட்டுக்காரரு வந்து நாலு நாளாச்சு, சபைக்காரங்க வீட்லதான் இருக்காராம். நீ என்னமோ பழந்துணியோட மீன் வாங்க வந்து நிக்கிற?" என்றாள். "விரதம்" என்று சொன்னேன். "யாருக்கு?" என்றாள். மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டேன்.

நம் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் மூன்று தெரு. பூச்சோ விழுந்து விழுந்து சிரிக்கிறான்: "ஒத்ராந்தோ வரைக்கும் கொண்டுபோனேன், சரி. மூணு தெருவுக்கும் கடுதாசியாக்கா? கூப்பிட்டா காதுல விழுமே!" கூப்பிட எனக்கு வெட்கமாக இருக்கிறது. பத்து மாதமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தெருவில் நின்று கூப்பிடவும் வேண்டுமா?

ஏன் வரவில்லை?

இமிலியா

1164 ஜூலை 5
சபை வீடு

அன்புள்ள இமிலியா, கோபித்துக்கொள்ளாதே. நீ புத்திசாலி, படித்தவள், பத்திர எழுத்தர் மகள். சொன்னால் புரிந்துகொள்வாய்.

அவளுக்குப் பீடம் கட்டுகிறார்கள். வருகிற இருபத்திரண்டாம் தேதி, மதலேன் திருநாளன்று பெரியவர்கள் எனக்குக் காவலர் பொறுப்பைக் கொடுக்கப்போகிறார்கள். அந்தப் பொறுப்பு ஆயுளுக்கும். எண்ணெய் வார்ப்பது, பெட்டியைத் துடைப்பது, அவளை விட்டு அகலாமல் இருப்பது. காவலராக இருக்கிறவன் பிரம்மச்சாரியாக இருக்க வேண்டும். கல்யாணமானவன் என்றால் மனைவி எழுத்தில் சம்மதம் தந்து, தானும் அப்படியே இருப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். திருச்சபைச் சட்டம் அப்படி. நான் உண்டாக்கியதில்லை.

வழியில்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. நேற்றுத்தான் பெரியவர்களும் கேட்டார்கள். பத்திரம் இத்துடன் இருக்கிறது. கீழே உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறது. இமிலியா, உனக்குச் சம்மதமா?

லாந்தோ

1164 ஜூலை 6
நம் வீடு

கணவருக்கு, கேட்டுவிட்டீர்கள். பத்து வருஷம் கழித்து என் வீட்டுக்கும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. அந்த ஒரு வரியை மூன்று தரம் படித்தேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

பிறகு பத்திரத்தைப் படித்தேன். நான் பத்திர எழுத்தர் மகள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பத்திரம் என்றால் முதலில் தேதியைப் பார் என்று எனக்கு ஆறு வயசில் சொல்லிக்கொடுத்தார்கள். நேற்றுக் கேட்டார்கள், வழியில் எண்ணம் வந்தது என்கிறீர்கள். பத்திரத்தில் தேதி போன வருஷம் ஆகஸ்ட் மூன்று. நீங்கள் புறப்பட்டது ஆகஸ்ட் இருபத்தாறு. சாட்சி போட்டவர்கள் ஏழு பேர். எழுதிய கை உங்களுடையது. முத்து முத்தாக இருக்கிறது.

நடுவில் இருபத்து மூன்று நாள். அந்த நாளெல்லாம் என் பக்கத்தில் படுத்தீர்கள். என் கையால் சாப்பிட்டீர்கள். கோழிக்கூட்டுக்குக் கதவு செய்து கொடுத்தீர்கள். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் பத்திரமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பட்டு கேட்டபோதும் இது உங்கள் மனசில் இருந்தது. நான் காய்ச்சலில் கிடந்தேன் என்று எழுதியதற்கு ஒரு வார்த்தை பதில் வராததும் இதனால்தானோ என்று இப்போது நினைக்கிறேன். நான் செத்திருந்தால் கையெழுத்தே தேவைப்பட்டிருக்காது.

எனக்கு இருபத்தாறு வயசு. சம்மதம் இல்லை. பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன், ஓரத்தில் தேதிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

இமிலியா

1164 ஜூலை 29
சபை வீடு

இமிலியா, நீ செய்ததை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

காவலர் பொறுப்பை ஒத்தோனேவுக்குக் கொடுத்துவிட்டார்கள். சாயக்காரர் மகன் ஒத்தோனே! கிரேக்கத்தில் ஒரு எழுத்துத் தெரியாது. அமராந்தா என்ற பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல வராது அவனுக்கு. கல்யாணமாகவில்லை, அந்த ஒரு தகுதிதான். இன்று ஏழாம் நாள். அவள் பெட்டியை அவன் துடைக்கிறான். அந்தச் சிவப்பும் நீலமுமாகச் சாயம் ஏறிய கையால். நான் நாற்பது நாள் முழங்காலில் நின்று கேட்டுக் கொண்டுவந்தவளின் பெட்டியை, கழுதையைத் தேய்க்கிறவன் போலத் தேய்க்கிறான். தேய்க்கும்போது சீட்டியடிக்கிறான்.

என்னைக் கம்பிக்கு இந்தப் பக்கம், மீன்காரிகளோடு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். என் முறை வருவதற்குள் திரையைப் போட்டுவிட்டான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போட்டான். ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. அவன் கை அவள்மேல் படுகிறது என்று நினைத்தால் நெஞ்சு பற்றி எரிகிறது. வேறு ஒன்றையும் நினைக்க முடியவில்லை. கதவிடுக்கில் ஒரு தரம் பார்த்தால் போதும் என்றிருக்கிறது. அவளுக்காவது நான் இல்லாதது தெரியுமா? தெரிந்தும் பேசாமல் இருக்கிறாளா?

உனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

லாந்தோ

1164 ஜூலை 30
நம் வீடு

அன்புள்ள கணவருக்கு இமிலியா எழுதிக்கொண்டது. எனக்கு உடம்பு இப்போது தேவலை. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை அடுப்பு முன்னால் உட்கார்ந்து படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. சீட்டியடிக்கிறான் என்ற இடத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். அதற்குக் கீழே போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

நானும் போய் அவளைப் பார்த்தேன், முந்தாநாள், சேச்சாவோடு. சின்ன மண்டை ஓடு. ஒரு ஆப்பிள் கூடைக்குள் அடங்கிவிடுவாள், பாவம். பதினாலு பதினைந்து வயசுக்கு மேல் இருக்காது. கழுத்துவரைக்கும் என் பட்டு. "அடியே, இந்தச் சின்னதோடயா நீ மல்லுக்கு நின்னே?" என்றாள் சேச்சா. அவள் மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே தீர்ந்துபோயிற்று. பொறாமை தீரவில்லை. நேற்று உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் இன்னும் கூடிவிட்டது.

ரொட்டி இறங்கவில்லை, வேறொருவன் கை பட்டால் நெஞ்சு எரிகிறது, கதவிடுக்கில் ஒரு தரம் பார்த்தால் போதும். இவ்வளவும் உங்களுக்குள் இருந்திருக்கிறது. நான் உங்களைப் பச்சைத் தண்ணீர் என்று நினைத்துப் பத்து வருஷம் சமாதானமாக இருந்தேன். படித்த மனுஷர், அவர் அப்படித்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். போன வருஷம் இதே ஒத்தோனே சந்தையிலிருந்து என் கூடையைத் தூக்கிக்கொண்டு, என்னென்னவோ பேசிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தான். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அவனை உட்காரவைத்து ஒயின் ஊற்றிக் கொடுத்தீர்கள். அன்றைக்கு நீங்கள் ஒரு முறை முறைத்திருந்தால் எனக்கு அது ஒரு வருஷத்துக்குப் போதுமாக இருந்திருக்கும்.

எனக்கு எங்கே புரியப்போகிறது என்கிறீர்கள். எனக்குப் புரிகிற மாதிரி இந்த ஊரில் யாருக்கும் புரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் இருக்கிற ஒரு வரி, ஒரே ஒரு வரி, என்றைக்காவது எனக்காக எழுதியிருந்தால், அன்றே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு உங்களை அவளிடம் விட்டிருப்பேன். கையில் அந்த வரி இருக்கும், அதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கத் தனியாக இருந்திருப்பேன். ஒன்றுமே கொடுக்காதவரை நான் ஏன் விட வேண்டும்?

வீட்டுக்கு வாருங்கள். கொண்டைக்கடலை சூப் அடுப்பில் இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். நீங்கள் அவளை நினைத்து எரியுங்கள். நான் உங்களைப் பார்த்து எரிகிறேன்.

இப்படிக்கு,
சம்மதம் தராத மனைவி
இமிலியா